சாம்பலில் இரண்டு புள்ளி மஞ்சள்

மூன்றாவது ப்ரூஃபில்தான் சாம்பல் சாம்பலாக வந்தது.

படம் எண்ணூர்க் கழிமுகம், காலை நேரம். முன்னால் ஒரு சாம்பல் திட்டு. அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் கரைசலைக் கொண்டுபோகும் குழாய்கள் ஒழுகி ஒழுகி, கொசஸ்தலை ஆற்றோரம் வருஷக்கணக்கில் படிந்தது. நடுவில் இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் குனிந்திருக்கிறார். இரண்டு கைகளும் தண்ணீருக்கடியில் இறால் தடவுகின்றன. ஓலைப் பறியின் விளிம்பு பல்லிடுக்கில் இருக்கிறது. கைக்குச் சிக்கிய இறாலை அதில்தான் போட வேண்டும். பின்னால், தூரத்தில், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த ஒரு புகைபோக்கி. மேலே வெளுத்த வானம். அவ்வளவுதான் படம்.

எடுத்தவர் நெட்டுக்குப்பத்து இளைஞர். நான் திருவொற்றியூர்க்காரன், ராயப்பேட்டை, திருவல்லிக்கேணிச் சந்துகளில் இருந்த அச்சகங்களில் டிடிபி, ஸ்கேனிங், பிளேட் என்று ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்து எழுந்தவன். “படம் என் பொறுப்பு அண்ணே, கலர் உங்க பொறுப்பு” என்று பென் டிரைவைக் கையில் கொடுத்துவிட்டார். புத்தகம் 96 பக்கம், 300 பிரதி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக நடந்து எடுத்த படங்கள்.

புத்தகத்தைக் கையில் எடுக்கிறவர்கள் வேறு பக்கங்களில்தான் நிற்கிறார்கள். காசிமேட்டு விசைப்படகுகளின் நீலத்தில் நிற்கிறார்கள். வடிவுடையம்மன் கோவில் வாசல் பூக்கடையில் நிற்கிறார்கள். ராயபுரம் ரயில் நிலையத்தின் செங்கல் சிவப்பில் நிற்கிறார்கள். எல்லாம் நல்ல பக்கங்கள்தான். ஆனால் நிறம் தானாகவே கூப்பிட்டுப் பேசுகிற பக்கங்கள் அவை. படகு நீலம் இரண்டு புள்ளி முன்னே பின்னே போனாலும் படகு படகாகத்தான் இருக்கும். யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. சாம்பல் அப்படி விடாது. ஒரு புள்ளி சாய்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் நான் தினமும் ஒருமுறையாவது திறந்து பார்ப்பது இந்தக் கழிமுகப் படம் இருக்கும் இரட்டைப் பக்க விரிப்பைத்தான்.

*

சாம்பல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். வீட்டு அடுப்புச் சாம்பல் வேறு, பசுஞ்சாணம் சுட்ட திருநீறு வேறு, நிலக்கரிச் சாம்பல் வேறு. நிலக்கரிச் சாம்பலுக்குள்ளேயே குணங்கள் உண்டு. முழுசாக எரியாத கரி மிச்சமிருந்தால் சாம்பல் கறுக்கும்; இரும்புச் சத்து கூடினால் தவிட்டு நிறம் தட்டும். இந்தப் படத்தில் திட்டின் மேல்புறம் வெயிலில் காய்ந்து கிடக்கிறது. அது சுத்தமான சாம்பல் நிறம் இல்லை. பழைய வேட்டி போல லேசாக மஞ்சள் ஓடிய வெளுப்பு. தண்ணீர் நக்கும் விளிம்பில் அதே சாம்பல் நனைந்து ஈயமாகி, வானத்தை வாங்கிக் கொஞ்சம் நீலம் காட்டுகிறது. யாரோ நடந்துபோன இடத்தில் மேலோடு உடைந்து, அடியில் இருந்த பழைய களிச்சேறு கறுப்பாக எட்டிப் பார்க்கிறது. ஆறு கொண்டுவந்த கறுப்பு அது; மேலே கிடக்கும் வெளுப்பு குழாய் கொண்டுவந்தது. இந்தக் கழிமுகத்தின் கடந்த முப்பது வருஷக் கதை அந்த ஒரு காலடித் தடத்துக்குள் இருக்கிறது. மூன்று சாம்பலையும் ஒன்றாகக் குழப்பி அச்சடித்தால் படம் இருக்கும், கதை போய்விடும்.

அதை அச்சில் கொண்டுவருவதில் உள்ள சங்கடம் என்னவென்றால், அச்சு இயந்திரத்தில் சாம்பல் மை கிடையாது. சயான், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு என்று நாலு மை. முதல் மூன்றும் சம எடையில் சேர்ந்தால் நடுநிலைச் சாம்பல் வர வேண்டும் என்று தோன்றும். வராது, தவிட்டுச் சிவப்பு வரும். சயான் மை கொஞ்சம் அழுக்கு. தான் விழுங்க வேண்டிய சிவப்பு ஒளியோடு நிற்காமல் பச்சையிலும் நீலத்திலும் கொஞ்சம் தின்றுவிடும். அதனால் சயான் 50 என்றால் மஜெண்டாவும் மஞ்சளும் 40 போதும். அப்போதுதான் தராசு நேராக நிற்கும். அச்சுத் தொழிலில் தலைமுறையாகக் கைமாறி வரும் கணக்கு இது. உலகத் தர விதிகளிலும் இதை ஒட்டித்தான் எழுதியிருக்கிறார்கள். வண்ண அச்சில் இருப்பதிலேயே கடினமான நிறம் நிறமே இல்லாத நிறம்தான் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தப் பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் போதும். சாம்பல் காணாமல் போய்விடும். நீலப் புள்ளி, இளஞ்சிவப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி, இடையிடையே கறுப்பு, மீதி வெறும் தாள். அங்கே சாம்பல் என்று ஒரு துளிகூட இல்லை. கறுப்பு 45 பாகை, சயான் 15, மஜெண்டா 75, மஞ்சள் 0 என்று ஒவ்வொரு மையின் வரிசையையும் ஒவ்வொரு சாய்வில் போட்டிருப்பதால், புள்ளிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு சின்னச் சின்ன வட்டங்களாக நிற்கின்றன. மார்கழி வாசலில் போட்ட புள்ளிக் கோலத்தை மொட்டைமாடியிலிருந்து பார்த்தது போல இருக்கும். லென்ஸை எடுத்தவுடன் கோலம் கலைந்து சாம்பல் திரும்பி வந்துவிடும். எத்தனை தரம் செய்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

*

முதல் ப்ரூஃபின் கதையைச் சொன்னால்தான் மூன்றாவதின் அருமை புரியும்.

ஒரே ஒரு பிரதி போட்டுப் பார்ப்போம் என்று, இணையத்தில் ஆல்பம் அச்சடித்துத் தரும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினோம். பளபளவென்று வந்தது. பிரித்துப் பார்த்தால் சாம்பல் திட்டு ரோஜா நிறத்தில் கிடக்கிறது. வானம் ஊட்டி வானமாகியிருக்கிறது. இறால் தடவுகிறவர் இரண்டு நிறம் வெளுத்திருக்கிறார். கேட்டால், படங்களைத் தானாகவே மெருகேற்றும் வசதியை நாங்கள் அணைக்க மறந்துவிட்டோமாம். அந்த மென்பொருளுக்கு எல்லாப் படமும் கல்யாணப் படம்தான். வானம் நீலமாக இருக்க வேண்டும், புல் பச்சையாக இருக்க வேண்டும், மனிதத் தோல் வெளுப்பாக இருக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எண்ணூரை அதற்கு யாரும் காட்டவில்லை.

பிறகுதான் ஆஃப்செட்டில் போடுவது என்று முடிவானது. சிவகாசியில் போட்டால் செலவு குறையும். கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர், காற்றும் உலர்ந்தது. 1920களில் தீப்பெட்டித் தொழில் வந்து, அதற்கு லேபிள் வேண்டி அச்சு வந்து, லேபிளிலிருந்து காலண்டர், காலண்டரிலிருந்து புத்தகம் என்று வளர்ந்த ஊர். எங்கள் திருவொற்றியூரும் தீப்பெட்டி ஊர்தான். விம்கோ தொழிற்சாலையின் பெயர் இன்று மெட்ரோ நிலையத்தின் பலகையில் இருக்கிறது. ஆனால் எங்களுக்குத் தீப்பெட்டி வந்தது, அச்சு வரவில்லை. இருந்தாலும் சென்னையிலேயே போட்டோம். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று படமெடுத்த தம்பி பிடிவாதமாக இருந்தார். அது நல்ல பிடிவாதம்.

இரண்டாவது ப்ரூஃப் மெஷினிலேயே எடுத்தது, இந்தப் படம் வரும் ஃபாரம் மட்டும். அதில் ரோஜா இல்லை. “கலர் சாய்வு எல்லாத்தையும் எடுத்துட்டேன் சார், இப்ப பக்கா நியூட்ரல்” என்றார் பிளேட் பிரிவில் இருந்தவர். அளவு கருவியை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஊசி எந்தப் பக்கமும் சாயவில்லை. ஆனால் திட்டு சிமெண்ட் தரையாகிவிட்டது. காய்ந்ததும் நனைந்ததும் ஒரே நிறம். அவர் செய்தது இதுதான்: மூன்று மைகளும் சேர்ந்து உண்டாக்கும் சாம்பலை முடிந்தவரை உருவிவிட்டு, அந்த இடத்தில் கறுப்பைப் போட்டிருந்தார். தொழிலில் உள்ள வழிதான். மை மிச்சம், மெஷின் ஓட ஓடச் சாம்பல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயாது. ஆனால் கறுப்பு மட்டும் போட்ட சாம்பல் எலும்புக்கூடு மாதிரி. நிற்கும், மூச்சு விடாது. மறுகோடிக்குப் போய் மூன்று மைகளை மட்டும் நம்பினால் சாம்பலுக்கு உயிர் வரும். ஆனால் மெஷின்மேன் மஜெண்டாவை ஒரு மயிரிழை ஏற்றிவிட்டால் நூறாவது தாளில் மறுபடி ரோஜா பூத்துவிடும்.

மூன்றாவது ப்ரூஃபில் நடுவே ஓர் இடத்தைப் பிடித்தோம். எலும்புக்குக் கறுப்பு, சதைக்கு மூன்று மை. பிறகு காய்ந்த மேல்புறத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்து மஞ்சளை இரண்டு புள்ளி ஏற்றினோம். அச்சகத்தில் புள்ளி என்றால் சதவீதம். இரண்டே சதவீதம். நனைந்த விளிம்பைத் தொடவில்லை. தாள் வெளியே வந்தது. தம்பி எதுவும் பேசவில்லை. திட்டு இருந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். விரலில் சாம்பல் ஒட்டுகிறதா என்று பார்த்தவர் போல இருந்தது. மை ஒட்டியது.

*

இனி, சாம்பலின் நடுவில் நிற்கும் மனிதர்.

மாநிறம் என்று ஓர் அழகான சொல் நம்மிடம் இருக்கிறது. மாந்தளிரின் நிறம், சங்க காலத்து மாமையின் பேத்தி. கல்யாண விளம்பரத்தில் போட்டுப் போட்டு அதை ‘கறுப்பு என்று சொல்லக் கூசுகிற நிறம்’ ஆக்கிவிட்டோம். அச்சகங்களிலும் ஸ்டுடியோக்களிலும் கூச்சம் இன்னும் அதிகம். “கொஞ்சம் பிரைட் பண்ணிட்டேன் சார்” என்பார்கள், தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி பாயசம் வைத்த முகத்தோடு. வெளியுலகத்திலும் இதுதான் நடந்தது. கோடாக் நிறுவனம் உலகமெங்கும் லேபுகளுக்கு அனுப்பிய நிற அளவு அட்டையில் பல காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி. எங்கள் தோல் அந்தக் கணக்கில் வராத மிச்சம்.

இந்தப் படத்தில் முதுகு நனைந்திருக்கிறது. கறுத்த முதுகில் வெளிச்சம் மூன்று இடத்தில் விழுகிறது: தோள்பட்டை முனை, முதுகுத்தண்டின் ஓரம், இடுப்புக்கு மேலே ஒரு மடிப்பு. மூன்று இடத்திலும் வெளிச்சத்தின் நிறம் வேறு. தோளில் வானத்தின் நீலம் கலந்த வெளுப்பு, முதுகுத்தண்டில் செம்பு, மடிப்பில் தண்ணீரிலிருந்து மேலே எறிந்த மங்கலான பச்சை. தோலை வெளுக்கப் போனால் முதலில் சாவது இந்தப் பச்சைதான். கறுத்த தோலை அச்சடிக்கும்போது மஞ்சள் மஜெண்டாவைவிடக் கொஞ்சம் கூட நிற்க வேண்டும், இல்லையென்றால் தோல் வெந்தது போலச் சிவக்கும். சயான் துணிந்து ஏற வேண்டும், இல்லையென்றால் உருவத்துக்கு வளைவே வராது. வெள்ளைத் தோலுக்குப் பழகிய கை அந்தச் சயானைப் போடப் பயப்படும். எங்கள் மெஷின்மேன் பயப்படவில்லை. அவரும் எங்கள் பக்கம்தான், கொருக்குப்பேட்டைக்காரர்.

பழனி குமாரின் படங்களைப் பார்த்து வளர்ந்தவர் இந்தத் தம்பி. துப்புரவுத் தொழிலாளர்களையும் கடற்பாசி எடுக்கும் பெண்களையும் மீன் வெட்டிப் பிழைப்பவர்களையும் எடுத்தவர் பழனி குமார். 2022இல் தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றவர். தயானிதா சிங்கோ, புகைப்படக் கண்காட்சியையே புத்தகமாக மடித்துக் காட்டியவர். உழைக்கிறவர்களின் உடம்பை எப்படி மரியாதையாகப் பார்ப்பது என்று முதலாமவரிடமும், அந்தப் பார்வைக்குப் புத்தகமே வீடாக முடியும் என்று இரண்டாமவரிடமும் தம்பி கற்றிருக்கிறார். அந்த மரியாதை கேமராவோடு முடிந்துவிடக் கூடாது. பிளேட் வழியாக, மைக்கிண்ணம் வழியாகத் தாள் வரைக்கும் அது வந்து சேர வேண்டும்.

*

வானத்துக்கு வருகிறேன். வெளுத்த வானம் என்றேன். அதை வெறும் தாளாக விட்டுவிடலாம், மை மிச்சம். ஆனால் உற்றுப் பாருங்கள்: வானத்தில் சயான் 4, மற்ற இரண்டும் 3 என்று புள்ளிகள் தூவியிருக்கின்றன. பக்கத்தின் ஓரத்தில் விட்ட வெள்ளைக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு கோடு தெரிகிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்குத்தான். அந்தச் சந்தேகம்தான் காற்று. அது இல்லாவிட்டால் புகைபோக்கி தாளில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி நிற்கும்.

வெளுத்த வானத்தோடு மல்லுக்கட்டியவர்களில் தம்பி முதல் ஆள் இல்லை.  1856இல் மதராஸ் அரசாங்கம் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியைத் தன் புகைப்படக்காரராக அமர்த்தியது. மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை என்று மாட்டு வண்டியில் கேமராவை ஏற்றிக்கொண்டு போய் அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதி தொகுதியாக வந்தன. தமிழ்நாட்டைக் காட்டும் மிகப் பழைய போட்டோ புத்தகங்கள் அவை. ஒவ்வொரு பிரதியிலும் ஒவ்வொரு படத்தையும் தனியாகப் போட்டுக் கையால் ஒட்ட வேண்டும். அந்தக் கால மெழுகுத் தாள் நெகட்டிவுக்கு நீலத்தில் பேராசை. வானம் எப்போதும் வெறும் வெள்ளையாகவே விழும். ட்ரைப் நெகட்டிவின் மேல் நிறக்குழம்பு தடவி மேகம் போட்டார். பிரதிகளைப் பொன் கரைசலில் தோய்த்து ஒரு தவிட்டு ஊதாவை வரவழைத்தார். அடுத்து வந்த கவர்னர் ட்ரெவெல்யன், கஜானா இருக்கிற இருப்பில் இந்த ஆடம்பரம் ஆகாது என்று துறையையே மூடிவிட்டார். நல்ல போட்டோ புத்தகம் அன்றைக்கும் கையைக் கடிக்கிற சங்கதிதான்.

ட்ரைப் மேகம் வரைந்தார், நாங்கள் வரையவில்லை. ஆனால் மூன்று, நான்கு புள்ளிகளைத் தூவி வானத்தைத் தாளிலிருந்து பிரித்தபோது அவர் கை எனக்கு ஞாபகம் வந்தது.

அந்தப் புகைபோக்கியின் சிவப்புப் பட்டையையும் பாருங்கள். பக்கத்தில் இருக்கிற ஒரே சத்தமான நிறம். ஃபோனில் பார்த்தபோது அது கத்தியது. திரை தானே ஒளிர்கிறது. தாள் பிறர் தரும் வெளிச்சத்தில் வாழ்கிறது. திரை காட்டும் சிவப்பும், காசிமேட்டு நைலான் வலையின் கண்ணைக் குத்தும் பச்சையும் நாலு மையின் எல்லைக்குள் வரவே வராது. அப்போது இரண்டு வழி. உச்ச ஸ்தாயி எட்டாத பாடகர் என்ன செய்வார்? பாட்டு முழுவதையும் அரைக்கட்டை இறக்கிப் பாடுவார். அல்லது சுருதியை மாற்றாமல் பாடி, எட்டாத ஸ்வரத்தை எட்டின வரைக்கும் பிடித்து நிறுத்துவார். நிற மாற்றத்திலும் அதே இரண்டு வழிதான். வலைகள் குவிந்த பக்கத்துக்குச் சுருதியை இறக்கினோம். பச்சை மங்கினாலும் வலையின் மடிப்புகள் ஒன்றோடொன்று பேசின. கழிமுகப் பக்கத்துக்கு இறக்கவில்லை. இறக்கினால் சாம்பலும் சேர்ந்து இறங்கும். பட்டை கொஞ்சம் அடங்கியே இருக்கட்டும். அடங்கியதால்தான் அது தூரத்தில் இருக்கிறது.

*

கறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. அப்போது எடுத்த ஒரு படகின் படம் அடுத்த விரிப்பில் இருக்கிறது. எண்ணெய்க் கறுப்பை வெறும் கறுப்பு மையால் அடித்தால் கரித்தூள் பூசினது போல் வறண்டு நிற்கும். அடியில் சயான் போட்டால்தான் ஆழம் வரும். அதற்காக நாலு மையையும் முழுசாகப் போட்டால் மொத்தம் 400 சதவீதம். தாள் காயாது, அடுத்த தாளின் முதுகில் அப்பிக்கொள்ளும். ஆர்ட் பேப்பரில் 300ஐ ஒட்டி நிறுத்துவதுதான் பாதுகாப்பு. அந்த எல்லைக்குள் நின்றுகொண்டு, எண்ணெய் வழிந்த கோட்டின் ஓரத்தில் மட்டும் கறுப்பைக் குறைத்துத் தேன் நிறம் கசியவிட்டிருக்கிறோம். கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும்: எண்ணெய் நடுவில் கறுப்பு, ஓரத்தில் தேன்.

காசிமேட்டுக் கூடையில் சங்கரா மீன் குவிந்த படம் இருக்கிறதே, அதைத் திருத்தியது நான் இல்லை. அந்தப் பக்கத்தின் ப்ரூஃபை வீட்டுத் திண்ணையில் விரித்து வைத்திருந்தேன். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா கூடையை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“இன்னா அண்ணே, ஐஸ்ல நாலு நாளு கெடந்த சங்கராவ படம் புடிச்சி வெச்சிகிறீங்க?”

“இல்லக்கா, காலைல போட்லருந்து எறக்கினதாம்.”

“நீ சொன்னா ஆச்சா? மேலு பாரு, செவப்பு செத்துக் கீது. நானா இருந்தா வாங்க மாட்டேன்.”

லென்ஸை எடுத்தேன். மீனின் மேல் சயான் புள்ளிகள் அளவுக்கு மிஞ்சித் தூவியிருந்தன. மஜெண்டாவும் மஞ்சளும் சேர்ந்து கொடுக்கும் சிவப்புக்குச் சயான் பகை. ஐந்து புள்ளி கூடினால் போதும், சிவப்பு அழுக்காகிவிடும். செதிலின் ஓரத்தில் நிழல் காட்ட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வைத்துக்கொண்டு மீதியை எடுத்தோம். கருவி சொல்லாததை அக்கா சொன்னார். அவர் பிழைப்பே நிறம் பார்ப்பது.

*

அச்சான அன்று கடற்காற்று ஈரமாக இருந்தது. ஈரம் குடித்தால் தாள் விரியும். விரிந்தால் நாலு மையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. அதனால் கட்டுப் பிரிக்காமல் முந்தின நாளே தாளை மெஷின் அறையில் கொண்டுவந்து பழக்கியிருந்தார்கள். மெஷின்மேன் ரிஜிஸ்டர் பார்க்கத் தேர்ந்தெடுத்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. தாள் ஓரத்தில் இருக்கும் கூட்டல் குறிகளைப் பார்த்துவிட்டு, நேராகப் பறியின் ஓலை விளிம்புக்கு வந்தார். மயிரளவு ஓலைக் கீற்று; மஜெண்டா கொஞ்சம் நகர்ந்தாலும் அங்கே ஒரு இளஞ்சிவப்பு நிழல் கூடவே ஓடும். ஓடவில்லை. பிறகு தாளை உருவி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். உள்ளே 5000 கெல்வின் விளக்கு வைத்த மேசை இருக்கிறது, அதில் பார்த்தாயிற்று. ஆனாலும் வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்காமல் அவர் கையெழுத்துப் போடுவதில்லை. ஒரு விளக்கில் இரட்டைப் பிள்ளைகளாக இருக்கும் இரண்டு சாம்பல்கள் இன்னொரு விளக்கில் யாரோ எவரோ ஆகிவிடும். மூன்று மைச் சாம்பல் விளக்குக்கு விளக்கு நிறம் மாறும், கறுப்பு மாறாது. எலும்புக்கு நாங்கள் வைத்த கறுப்பின் இன்னொரு பலன் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் புத்தகத்தைத் திறக்கப்போகிறவர்கள் வீட்டில் 5000 கெல்வின் மேசை கிடையாது.

புத்தகம் வந்ததும் படத்தில் இருப்பவரின் வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுபோனோம். சாயங்காலம் ஆகிவிட்டது. கூரையில் ஒரே ஒரு எல்இடி குழல் விளக்கு, நீலம் தூக்கலான வெளிச்சம். எந்த நிறத்தையும் பார்க்கத் தகாத வெளிச்சம். எனக்கு உள்ளூரப் பதைப்பு. அவர் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார்; பக்கத்தைத் தம்பி பிரித்துக் காட்டினார். தன் முதுகை அவர் பார்க்கவில்லை. சாம்பல் திட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே, காய்ந்ததும் நனைந்ததும் பிரியும் அந்தக் கோட்டில் விரலை வைத்தார்.

“வத்தம் ஆரம்பிச்சி அர மணி நேரம் இருக்கும்” என்றார். “இந்த நேரத்துலதான் மேட்டு ஓரமா எறால் இருக்கும்.”

பிறகு புத்தகத்தை மூடி, டிவிக்கு மேலே வைத்துவிட்டு, டீ போடச் சொன்னார்.